ஃபைலோடு வந்த ஆள்

…என்ன பார்க்கணும் என்றுதானே கேட்டாள் மகள், ஒரு காலில் செருப்பும் இன்னொரு கால் வெறுங்காலுமாக, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, "இன்னிக்கு மாமா வீட்டுல நான் என்னம்மா பார்க்கணும்?" என்று, கடைக்குப் போகும்போது என்ன வாங்கணும் என்று கேட்பதுபோல அத்தனை சாதாரணமாக, அதற்கு இவள் என்ன சொன்னாள், "சும்மா விளையாடிட்டு வா" என்று சொன்னாள், சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேடுவதுபோலக் கைப்பைக்குள் குனிந்துகொண்டாள், சாவி கையில்தான் இருந்தது. எட்டு வயசு. தம்பி வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகிறது, இப்போது இந்தப் பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில், கால் தன் பக்கத்துப் பிரேக்கின்மேல், சாலை முன்னால் வந்துகொண்டே இருக்கிறது, செவிக்குள் அதே கேள்விதான். பார்க்கச் சொல்லி இவள் ஒருநாளும் சொன்னதில்லை. அது நிச்சயம். எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அப்படி ஒரு வார்த்தை இவள் வாயிலிருந்து வந்ததில்லை… பிறகு எங்கேயிருந்து வந்தது அது, யார் கொடுத்தார்கள் அந்தக் கேள்வியை அவளுக்கு?

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த குழாய்க்காரர் தன் காலைக் குனிந்து பார்த்தார், ஐம்பது வயசு, ஊரில் பாதி வீடுகளின் தண்ணீர்க் குழாய் அவர் கைபட்டது, வேன் வாங்க ஆசைப்பட்டு லைசென்ஸுக்கு வந்திருக்கிறார். "நான் பிரேக்கே போடலையே டீச்சர், வண்டி நின்னுருச்சு." நான் போட்டேன் என்றாள் இவள். முன்னால் பள்ளிக்கூட வேன் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. "சொல்லிட்டுப் போடக்கூடாதா? எனக்குத்தான் என்னமோ தானா வந்துருச்சுன்னு நினைச்சு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன்." இவள் சிரிக்க வேண்டிய இடம் அது, தெரிந்தது, உதடுகளை இழுத்துச் சிரித்தாள். மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க, கிளட்சை மெதுவா விடுங்க, இன்னும் மெதுவா. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா போய் இருபத்தாறு நாள் ஆகிறது, அழுகை வரவில்லை, பசி வருகிறது, தூக்கம் வருகிறது, பாடம் நடக்கிறது, எல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் யாருக்கோ நடப்பதுபோல. அம்மாவின் ஃபிளாட்டில் தம்பி குடும்பம் இருக்கிறது, முன்னேயும் இருந்தது, மூன்று அறை, ஒரு பால்கனி. பாதி இவளுடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை, "அவசரமில்லக்கா, பேசிக்கலாம்" என்று தம்பி ஒரே ஒரு தடவை சொன்னான், அதிலிருந்து பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. இவளுடைய இரண்டு கார்களில் ஒன்று இஞ்சின் போய் ஷெட்டில் நிற்கிறது, இவள் புருஷனுக்கு ஆறு மாதமாகப் பாதிச் சம்பளம்தான், பாதி ஃபிளாட் என்றால் எவ்வளவு என்று பல் தேய்க்கும்போது மனசு தானாக ஓடிப் பார்த்துவிட்டு வருகிறது. அதெல்லாம் குழந்தை எதிரில் பேசினதே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். கதவைச் சாத்தியதைக் குழந்தை பார்த்திருக்கும்.

சனிக்கிழமை என்றால் பாடங்கள் அதிகம், அதனால் குழந்தையைத் தம்பி வீட்டில் விடுவது இரண்டு வருஷமாக வழக்கம், இன்று நேற்றில்லை. அம்மா போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, திரும்பி வரும் வழியில், "மாமா பீரோவை எல்லாம் காலி பண்றாரும்மா" என்றாள் குழந்தை, அப்போது காரில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, இவள் கை நீண்டு அதன் சத்தத்தைக் குறைத்தது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறைத்தது மட்டும்தான், அன்று வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள், வெயில் அப்படி. அடுத்த சனிக்கிழமை குழந்தை கேரம் விளையாடிய கதையைச் சொன்னது, சிவப்புக் காயை இழந்த கதை, அன்றும் வெயில்தான்… அன்று ஐஸ்கிரீம் வாங்கினாளா? வாங்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தார்கள். கடை மூடியிருந்ததோ? இல்லை, திறந்துதான் இருந்தது, கடை வாசலில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கடையைத் தாண்டி வந்திருக்கிறாள். இடப்பக்கம் திரும்பணும், இண்டிகேட்டர் போடுங்க, அது வைப்பர், இதைத் தட்டுங்க. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று இரண்டு தடவை போய் வந்தது. "மழை வர்ற அன்னிக்கு இண்டிகேட்டர் போடப் பார்த்தா வைப்பர் சரியா வந்துரும் பாருங்க" என்றார் குழாய்க்காரர்.

இவளுக்கு அப்போது பத்து வயசு. அப்பாவின் அக்கா, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், டிரைவிங் ஸ்கூல் அத்தை என்றால்தான் நாலு பேருக்குத் தெரியும், கீழே ஆபீஸ், மாடியில் வீடு, இரண்டுமே அவளுடைய சொந்தம். நுரையீரலில் நோய் வந்து மாடிக் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் போனபோது, தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் உட்கார்ந்திரு என்று அனுப்பினாள் அம்மா. அத்தைக்கு ஒத்தாசையாக என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். இவளிடம் அம்மா சொன்னது வேறு, சும்மா வீட்டுப்பாடம் எழுது, யாரு வர்றா, என்ன பேசுறா, எந்த டிராயரைத் திறக்கிறா, பார்த்துட்டு வந்து சொல்லு, அவ்வளவுதான், நாமதான் அவளுக்குச் சொந்தம், நாளைக்கு யாரோ வந்து எழுதி வாங்கிட்டுப் போயிட்டா? அப்பா அதைக் கேட்காதவர்போலப் பேப்பரின் ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இவள் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி அத்தை கீழே வண்டி எடுக்கிறவர்களைப் பார்த்து, "கிளட்சை விடுறான் பாரு, பாம்பு மேல கால் வச்சவன் மாதிரி" என்பாள், இருமுவாள், தூங்குவாள். தூங்கும்போது இவள் டிராயரைத் திறப்பாள். தீர்ந்துபோன பேட்டரி, ஒரு கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, யார் யாருடையதோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே அத்தை சொன்னாள், "மேல் டிராயரையும் பார்த்துக்கோ, அதுல ஒண்ணுமில்லன்னு உங்கம்மாட்ட சொல்லு. மூடும்போது மெதுவா மூடு, விரல் மாட்டிக்கும்." இவள் டிராயரை மெதுவாக மூடினாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம் மேல் டிராயரில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள், அத்தை சொன்னதைச் சொல்லவில்லை. முதன்முதலாக மறைத்தது அதைத்தான்… அதற்கு அம்மா "ம்" என்றாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி நிற்கவே இல்லை.

கத்தி நிற்குமா என்பதுதான் விஷயம். ஏதாவது இருந்தால் கத்தி நிற்கும், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்காருவாள், இவளை இழுத்துத் தன் முன்னால் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னுவாள், பின்னிக்கொண்டே, அப்புறம், அப்புறம் அவ என்ன சொன்னா, என்று பின்கழுத்தில் மூச்சுப்படக் கேட்பாள். ஒன்றும் இல்லாத நாளில் பின்னல் இல்லை. ஒன்றும் இல்லாத நாட்களே அதிகம், ஒரு நோயாளி வீட்டில் என்ன நடந்துவிடப்போகிறது, நர்ஸ் வருவாள், ஊசி போடுவாள், போவாள். முதலில் ஒரு போன் வந்தது என்று சொன்னாள். பிறகு, அத்தை யாருக்கோ கடிதம் எழுதினாள் என்று. அதெல்லாம் இரண்டு நாள் தாங்கியது. பிறகு ஒரு சாயங்காலம் அப்பா அம்மாவிடம், "அந்த ஸ்கூல் ஃபீஸ் இந்த மாசமும் முடியாது, வேற பள்ளிக்கூடம்தான் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல், "அத்தையைப் பார்க்க ஒரு ஆள் வந்தாரு" என்றாள். கத்தி நின்றது. "கண்ணாடி போட்டிருந்தாரு. கையில ஃபைல். அத்தை கையெழுத்துப் போட்டாங்க." அப்பா பேப்பரை மடித்தார். இவள் அதுவரை பார்த்திராத விதத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இவளைப் பார்த்தார்கள், அன்றைக்குத் தன் தட்டில் இருந்த பொரித்த முட்டையை அம்மா இவள் தட்டில் வைத்தாள். எங்கேயிருந்து வந்தார் அந்த ஆள்? அந்தக் கண்ணாடி? பஸ்ஸில் பார்த்த முகமா, பள்ளிக்கூட ஆபீஸ் ரூமில் பார்த்த ஃபைலா, இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ஃபைல் பச்சை நிறம் என்றுகூடச் சொன்னாள், யாரும் கேட்காமலே.

ரவுண்டானா வருது, வலப்பக்கம் வர்ற வண்டியைப் பாருங்க, போகலாம், இப்ப போகலாம், போங்க. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். "அவருக்குப் பிறக்கும்போதே லைசென்ஸோட பிறந்தோம்னு நினைப்பு" என்று குழாய்க்காரர் முணுமுணுத்தார், காது சிவந்திருந்தது. மறுநாள் தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அத்தை வீட்டுக்கு மூன்று பேருமாகத்தான் போனார்கள். மாடிப்படி ஏறும்போது இவள் கையை அம்மா பிடித்திருந்தாள், வழக்கத்தைவிட இறுக்கமாக. அப்பா கட்டிலருகே உட்காரவில்லை. "நேத்து யாருக்கா வந்தது?" அத்தை புரியாமல் பார்த்தாள். "யாரைச் சொல்ற?" அம்மா சொன்னாள், "கண்ணாடி போட்டவர், பச்சை ஃபைலோட. எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. குழந்தை பொய் சொல்லாது." அத்தை இவளைப் பார்த்தாள். எவ்வளவு நேரம்? ஒருவேளை மூச்சு விடும் நேரம்தான் இருக்கும், கீழே யாரோ இஞ்சினை ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள், அந்த நேரம். பிறகு ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமா, வந்தாரு" என்றாள். "எதுக்கு?" "வேலையாத்தான்." "கையெழுத்துப் போட்டியா?" "போட்டேன்." அவ்வளவுதான் பேச்சு. அப்பா, "நல்லாயிருக்குக்கா, கூடப் பிறந்ததுக்கு ரொம்ப நல்லாப் பண்ணிட்டே" என்றார், குரல் உடைந்திருந்தது, அது கோபமா வேறெதுவுமா என்று பத்து வயசுக்குத் தெரியவில்லை, நாற்பது வயசுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அந்த மாடி ஏறவில்லை, இவளையும் அனுப்பவில்லை, இவள் போகிறேன் என்று கேட்கவும் இல்லை. பத்தொன்பதாம் நாள் காலையில் டிரைவிங் ஸ்கூல் ஆள் ஒருவர் வந்து வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அக்கா போயிட்டாங்க என்றார்.

பிறகு தேடினார்கள். மெத்தையைக் கிழித்து, அலமாரியைச் சுவரைவிட்டு நகர்த்தி, கீழே ஆபீஸில் பழைய விண்ணப்பக் கட்டுகளைப் பிரித்து, இல்லாத ஒரு காகிதத்தை அப்பாவும் அம்மாவும் இரண்டு மாதம் தேடினார்கள், இவள் ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து அவர்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருக்கலாம். அப்படி யாரும் வரலை என்று மூன்று சொல். சொன்னால் அத்தை பொய் சொன்னவள் ஆகிவிடுவாள் என்று நினைத்தாளா, இல்லை, அப்படி நல்லதாக எதுவும் நினைக்கவில்லை, வாயில் நாக்கு இருந்ததுகூட ஞாபகம் இல்லை. காகிதம் கிடைக்கவில்லை, வேறு வாரிசும் இல்லை, ஆகவே எல்லாம் அப்பாவுக்குத்தான் வந்தது, எப்படியும் வந்திருக்கும், யாரும் யாரையும் வேவு பார்க்காமல் இருந்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும். ஆனால் கண்ணாடி போட்ட ஆள் எந்த நேரமும் ஃபைலோடு வந்து நிற்பார் என்ற பயத்தில் அப்பா அந்தக் கட்டடத்தை அவசர அவசரமாக, கேட்ட விலைக்கு, பாதி விலை என்று ஊரே சொன்ன விலைக்கு விற்றார், அதில் வாங்கியதுதான் இந்த மூன்று அறை ஃபிளாட், அந்தப் பால்கனி. புது வீட்டில் காலிங் பெல் அடித்தால் அப்பா உடனே போகமாட்டார், "யாருன்னு பாரு" என்பார், சாகும்வரை. போன மாதம் ஆஸ்பத்திரியில் அம்மா, மூக்கில் குழாயோடு, கண் மூடியிருந்தவள் திடீரென்று தெளிவாகக் கேட்டாள், "அந்த ஆள் கடைசி வரைக்கும் வரவே இல்லையேடி… என்ன ஆயிருப்பாரு?" முப்பது வருஷம் கழித்து. அம்மா அவருக்காகக் கவலைப்படுவதுபோல இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணி வேணுமாம்மா என்று கேட்டாள் இவள்.

பாடம் முடிந்து குழாய்க்காரர் தன் தெருமுனையில் இறங்கினார், இறங்கியவர் ஜன்னலில் குனிந்து, "அம்மா போயிட்டாங்கன்னு இன்னிக்குத்தான் டீச்சர் கேள்விப்பட்டேன்" என்றார், "வண்டி ஓட்டும்போது சொன்னா நீங்க பிரேக் போட மறந்துடுவீங்களோன்னு பயம். எங்கம்மா போனப்ப எனக்கும் அழுகையே வரல, ஒரு மூணு மாசம் கழிச்சு எவன் வீட்டுலயோ வாஷ்பேசின் மாத்திட்டிருந்தேன், வந்தது பாருங்க, வீட்டுக்காரம்மா பயந்துபோய்க் கூலியைக் கூட்டிக் குடுத்துட்டாங்க." சிரித்துவிட்டுப் போனார். இவள் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள், சீட்டை முன்னால் இழுத்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். தம்பி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே போனாள், மாமா வீட்டுல நடக்கிறது எதையும் நீ எனக்குச் சொல்ல வேண்டாம் கண்ணு… இல்லை, அப்படிச் சொன்னால் அங்கே ஏதோ நடக்கிறது என்று ஆகிவிடும். நீ எதையும் பார்க்க வேண்டாம்… பார்க்காமல் எப்படி இருக்கும் ஒரு குழந்தை? நீ என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அம்மாவுக்கு ஒண்ணுதான்… இதுதான் சரி, இதைத்தான் சொல்ல வேண்டும், குரல் சாதாரணமாக இருக்க வேண்டும், கியர் மாற்றிக்கொண்டே சொல்வதுபோல. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லலாமா? வேண்டாம், முதலில் சொல்லிவிட்டு, பிறகும் வாங்க வேண்டாம், எதுவுமே வாங்க வேண்டாம்.

தம்பி மேலேயிருந்து பால்கனியில் எட்டிப் பார்த்துக் கையை உயர்த்தினான், இவளும் உயர்த்தினாள், ஏறி வாயேன் என்று அவன் சொல்லவில்லை, நேரமாச்சு என்று இவளும் சொல்லவில்லை. குழந்தை படியிறங்கி ஓடிவந்து பின்சீட்டில் ஏறி, பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டது. வண்டி நகர்ந்து தெருமுனை திரும்பியது. சிக்னலில் சிவப்பு. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள், அதற்குள், "மாமா சொன்னாரும்மா, வீட்ட உனக்கே குடுத்துடலாம்னு" என்றாள் மகள். "யார்கிட்ட சொன்னாரு?" கேட்டாகிவிட்டது. இவள் கேட்கவில்லை, வாய் கேட்டுவிட்டது, அத்தனை வழி வந்த வாக்கியம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மகள் கொஞ்சம் யோசித்தாள். "போன்ல." பிறகு, யாரும் கேட்காமலே, "பால்கனியில நின்னுட்டு, நீலச் சட்டை போட்டிருந்தாரு" என்றாள். தம்பி இப்போது பால்கனியில் நின்றபோது என்ன சட்டை போட்டிருந்தான்? பார்த்தாள், பார்த்துத்தான் கையை உயர்த்தினாள், நிறம் ஞாபகம் வரவில்லை. பொய்யென்றால் எங்கேயிருந்து எடுத்தாள் அதை, நிஜமென்றால்… நிஜமென்றால் என்ன? அத்தை அன்று என்ன நினைத்து ஆமா என்றாள், பாவம் பார்த்தா, சலித்துப்போயா, இவளைத் தண்டிக்கவா என்று முப்பது வருஷம் யோசித்திருக்கிறாள், யோசிக்க அத்தைக்கு நேரமே இருந்திருக்காது, இவ்வளவு நேரம்தான் இருந்திருக்கும், ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் மகளின் கண்கள் தெரிந்தன, இமைக்காமல் இவள் முகத்தையே படித்துக்கொண்டிருந்தன. முகத்தை ஒன்றுமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். இருபத்தாறு நாளாக அப்படித்தான் இருக்கிறது அது, இப்போது எப்படி இருக்கிறது என்று இவளுக்குத் தெரியவில்லை, மகளுக்குத் தெரிந்திருந்தது. பெல்ட்டுக்குள் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்து, "இன்னொண்ணும் சொன்னாரும்மா" என்றாள்.